திருகாணி வைத்த விளக்கு

ஓசூரில் தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில், எந்தப் பொருள் கெட்டாலும் பிரித்துப் பார்க்க ஆள் இருந்தார். பாகலூர் ரோட்டிலும் தளி ரோட்டிலும் சின்னச் சின்னக் கடைகள்: ரேடியோ ரிப்பேர், மிக்ஸி ரிப்பேர், மோட்டார் காயில் கட்டுமிடம், ஸ்டவ் பர்னர் மாற்றுமிடம். இன்று இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், செல்போன் பாகம், மின்சார ஸ்கூட்டர் எல்லாம் தயாராகின்றன. ஆனால் வீட்டில் ஒரு விளக்கு எரியாமல் போனால் பிரித்துப் பார்க்க ஆள் கிடைப்பதில்லை. ஆள் கிடைத்தாலும் அந்த விளக்கு பிரிக்க வருவதில்லை. கொஞ்சமாகச் செய்த காலத்தில் நிறையப் பழுதுபார்த்தோம். நிறையச் செய்யும் காலத்தில் பழுதுபார்ப்பதையே விட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த முரண் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. எங்கள் வீட்டுப் பித்தளை ஸ்டாண்டு விளக்கை அன்று ஒரு முறையும் இன்று ஒரு முறையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்திருக்கிறோம். அதை வைத்து இதைச் சொல்லப் பார்க்கிறேன்.

அப்பா கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தது 1980களின் தொடக்கத்தில். அப்போது இரண்டு ஊருமே தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். தமிழ்நாடு அரசு 1971-இல் தொடங்கிய சிப்காட், பெங்களூர் சாலையை ஒட்டி இங்கே தொழிற்பேட்டை போட்டிருந்தது. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளியே வந்தது. அசோக் லேலண்டின் ஆலை வந்ததும் அதே ஆண்டுதான். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இங்கிருந்து கைக்கடிகாரங்களை அனுப்பத் தொடங்கிவிட்டது. இந்தப் பெரிய பெயர்களைச் சுற்றி, அவற்றுக்குப் புஷ்ஷும் பின்னும் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகள் முளைத்தன. அப்பாவுக்கு ஒரு நடுத்தர ஆலையில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் வேலை. மூன்று ஷிப்டு. நாங்கள் குடியிருந்த வரிசையில் வீட்டுக்காரர் வீட்டில் தெலுங்கு, பக்கத்தில் கன்னடம், எதிரில் உருது, நாங்கள் தமிழ். யார் வீட்டில் பியூஸ் போனாலும் வந்து நிற்பது எங்கள் வாசலில்தான்.

வார விடுப்பில் அப்பா பெங்களூர்ப் பக்கம் வயரிங் வேலைக்கும் போவார். அப்படி ஒயிட்ஃபீல்டில் ஒரு வீட்டுக்குப் போனபோது கிடைத்தது அந்த விளக்கு. ஒயிட்ஃபீல்டு 1882-இல் ஆங்கிலோ இந்தியர்களுக்காக உண்டான குடியிருப்பு. அந்த வீட்டுக்காரர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டில், பீரோ, மேசை எல்லாம் விலை பேசி முடிந்திருக்க, எரியாத விளக்கை மட்டும் யாரும் சீந்தவில்லை. வேலைக்கூலியோடு சேர்த்து அதை எடுத்துக்கொள்ளும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள்.

அது பஸ் கூரைமேல் வந்தது. அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜூவாடிக்குள் நுழைகிற இடத்தில் அப்போது விற்பனை வரிச் சோதனைச் சாவடி உண்டு. சாக்கில் சுற்றிய நீளமான பித்தளைச் சாமானைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். பழைய விளக்கு, சொந்த உபயோகத்துக்கு என்று அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் அப்பா வர முடிந்தது. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரிச் சாவடிகளின் காலம் முடிந்தது. இப்போது பெங்களூரில் ஏதோ ஒரு கிடங்கிலிருந்து புறப்படும் விளக்கு, அட்டைப் பெட்டிக்குள் மறுநாளே ஓசூர் வாசலுக்கு வந்துவிடுகிறது. வருவது எளிதாகிவிட்டது, வந்தது எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி.

பெங்களூர்க்காரர்களுக்கு மின்விளக்கு எங்களுக்கெல்லாம் வெகு காலம் முன்பே பழக்கம். காவிரியில் சிவனசமுத்திரத்தில் 1902-இல் எடுத்த நீர்மின்சாரம் முதலில் போனது கிருஷ்ணகிரி எல்லைக்கு அப்பால் இருக்கிற கோலார் தங்கவயலுக்கு. 1905-இல் அதே மின்சாரம் பெங்களூர்த் தெருவிளக்குகளை ஏற்றியது. 1936-இல் மல்லேசுவரத்தில் மைசூர் லாம்ப்ஸ் ஆலை தொடங்கி, பல்பையே அந்த ஊர் செய்யத் தொடங்கிவிட்டது. எங்கள் விளக்கின் ஹோல்டரில் மாட்டியிருந்த பியூஸ் போன பல்பின் நெற்றியில் அந்த ஆலையின் பெயர்தான் தேய்ந்து தெரிந்தது. அந்த ஆலை 2003-இல் மூடப்பட்டது.

அப்பா விளக்கைப் பிரித்த அன்று நான் பள்ளிக்கூடச் சிறுமி. கூடத்தில் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் விளக்கைப் படுக்க வைத்தார். எனக்குக் கொடுத்த வேலை, கழற்றித் தரும் ஒவ்வொன்றையும் கழன்ற வரிசையிலேயே டப்பா மூடிகளில் வைப்பது. “பாப்பா, கலைச்சிடாத. கடைசியா வந்தது முதல்ல போவும்” என்றார். பின்னால் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தபோதும், இப்போது ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கும்போதும், எதைப் பிரித்தாலும் நான் முதலில் செய்வது அதைத்தான்.

முதலில் கூண்டு. ஹோல்டரின் கழுத்தில் இருந்த வளையத்தைத் திருகியதும் கூண்டு தனியே வந்துவிட்டது. தடித்த காகிதத்தாலான அந்தக் கூண்டின் உட்புறம், பல்புக்கு மேலே, வட்டமாகக் கருகிப் பழுத்திருந்தது. அடுத்து ஹோல்டர். மேல் மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே வெள்ளைப் பீங்கான், அதில் பல்பின் அடியைத் தொடும் இரண்டு ஸ்பிரிங் பின், பக்கத்தில் கடுகளவு திருகாணி இரண்டு. பிறகு அடிப்பாகம். கவிழ்த்துப் போட்டதும் பச்சைக் கம்பளித் துணி. அதைக் கத்தியால் நெம்பி உரித்தால் வார்ப்பிரும்பு எடை. அதன் நடுவில் ஒரு பெரிய நட்டும் வாஷரும். அந்த ஒரு நட்டுதான் அடிப்பாகம், எடை, தண்டு மூன்றையும் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் மொத்த விளக்கும் தளர்ந்துகொடுத்தது.

தண்டு மூன்று பித்தளைக் குழாய்களால் ஆனது. ஒன்றோடொன்று மரையில் திருகி, இணைப்பு தெரியாமல் இடையில் குமிழ் வைத்திருந்தார்கள். பச்சைக் களிம்பு ஏறி ஒரு மரை அசைய மறுத்தது. அப்பா மண்ணெண்ணெய் தடவி ராத்திரி முழுக்க ஊறவிட்டார். காலையில் கிழிந்த சைக்கிள் டியூபைக் குழாயில் சுற்றி, அதன்மேல் பைப் ரெஞ்சைப் பிடித்தார். ரெஞ்சின் பல் பித்தளையில் படாது, ரப்பரின் பிடியும் கிடைக்கும். நாலைந்து இழுப்பில் க்ரீச் என்று கழன்றது.

வயர்தான் பெரிய பாடம். வெளியே நூல் பின்னிய, இரண்டு இழை முறுக்கிய வயர், உள்ளே ரப்பர். தண்டின் கீழ்ப்பகுதியில் இருந்த ரப்பர் இன்னும் வளைந்துகொடுத்தது. ஹோல்டர் பக்கம் வர வர இறுகி, கடைசி ஒரு சாண் தொட்டதும் காய்ந்த பிட்டாக உதிர்ந்தது. அறுபது வாட் பல்பின் சூடு ஆண்டுக்கணக்கில் ஏறி ஏறி ரப்பரை அப்படி ஆக்கியிருந்தது. உள்ளே கம்பி வெள்ளையாக இருக்கக் கண்டு, அலுமினியமா என்று கேட்டேன். அப்பா கத்தி நுனியால் சுரண்டிக் காட்டினார். செப்புச் சிவப்பு தெரிந்தது. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள், கந்தகம் செம்பை அரிக்கும், அதனால் அந்தக் காலத்தில் செம்புக்கு ஈயம் பூசித்தான் ரப்பர் போர்த்தினார்கள் என்றார். அவர் ஈயம் என்று சொன்னது பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயத்தை. பிவிசி வந்த பிறகு சாதாரண வீட்டு வயருக்கு அந்தப் பூச்சு தேவைப்படவில்லை. ஒரு வயரின் நிறத்தை வைத்தே அதன் காலத்தைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

பழைய வயரின் நுனியில் புது வயரைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து மெதுவாக இழுத்ததில் புது வயர் தண்டுக்குள் ஏறிக்கொண்டது. மேலே ஹோல்டருக்குள் ஒரு முடிச்சு. யாராவது வயரில் கால் தடுக்கி இழுத்தாலும் இழுப்பு முடிச்சில் நிற்கும், திருகாணியில் பிடித்த கம்பிக்குப் போகாது. எல்லாவற்றையும் வந்த வழியே பூட்டிவிட்டு, பரணிலிருந்து சீரிஸ் போர்டை இறக்கினார்.

சீரிஸ் போர்டு என்பது ஒரு பலகை, அதில் நூறு வாட் பல்பு, ஒரு பிளக் பாயிண்ட். இரண்டும் ஒரே கம்பி வழியில், ஒன்றன்பின் ஒன்றாக. அந்தப் பாயிண்டில் மாட்டும் பொருளில் ஷார்ட் இருந்தால் நூறு வாட் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். பியூஸ் போகாது, தீப்பொறி பறக்காது. பொருளுக்குள் கம்பி எங்காவது விட்டுப்போயிருந்தால் எதுவும் எரியாது. எல்லாம் சரியென்றால் இரண்டும் பங்கு போட்டுக்கொண்டு எரியும். எங்கள் விளக்கில் அறுபது வாட் பல்பு ஓரளவு வெளிச்சத்தோடும், போர்டில் நூறு வாட் பல்பு சிவந்த கம்பியாகவும் தெரிந்தன. அறுபது வாட் பல்பின் மின்தடை அதிகம், அதனால் மின்னழுத்தத்தில் பெரும்பங்கை அது வாங்கிக்கொள்கிறது. இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படிப்பதற்குப் பல ஆண்டு முன்பே கூடத்துத் தரையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துவிட்டேன்.

அதன் கீழே உட்கார்ந்துதான் நானும் தம்பியும் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் படித்தோம். வரிசை வீட்டுப் பிள்ளைகளும் பரீட்சைக் காலத்தில் வந்துவிடுவார்கள். ஊரில் கரண்ட் இருக்கிற நேரம் குறைவு என்பதால், விளக்கு எரிகிற நேரத்தின் அருமை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தை நான் அப்படியே திரும்பக் கேட்கவில்லை. காரணம், அந்த விளக்கில் எர்த் கிடையாது. வாடகை வீட்டின் பாயிண்டுகள் இரண்டு துளை வைத்தவை. பிளக்கும் இரண்டு உருண்டைப் பின். அதை எப்படித் திருப்பிச் செருகினாலும் உள்ளே போகும். ஒரு பக்கம் செருகினால் பேஸ் கம்பி ஸ்விட்சுக்கு வரும். மறுபக்கம் செருகினால் நியூட்ரல்தான் ஸ்விட்சுக்கு வரும், பேஸ் நேராக ஹோல்டருக்குப் போய்விடும். ஸ்விட்சை அணைத்து விளக்கு இருண்டிருக்கும், ஹோல்டரில் மட்டும் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். பல்பு மாற்றும்போது பிளக்கையே உருவிவிட வேண்டும் என்று அப்பா எங்களுக்குச் சட்டம் போட்டிருந்தார். அந்தச் சட்டம் இல்லாத வீடுகள் எத்தனையோ. அந்நாளில் வயர் தின்ற உயிர்களைப் பற்றி எல்லா ஊரிலும் கதை உண்டு; எங்கள் வரிசைக்கும் ஒன்று உண்டு.

பியூஸ் இருந்ததே என்று கேட்கலாம். பியூஸ் வயரைத்தான் காக்கும், ஆளைக் காக்காது. ஐந்து ஆம்பியர் பியூஸ் உருகுவதற்கு அதைவிட அதிகமான மின்சாரம் ஓட வேண்டும். மனித இதயத்தைக் குலைக்க அதில் நூற்றில் ஒரு பங்கே தாராளம். இன்னொன்று, எங்கள் மண். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிவரை கடப்பாரை போட்டால் சீக்கிரமே பாறை இடிக்கும். கிரானைட்டுக்குப் பேர்போன பூமி. கரியும் உப்பும் போட்டு எர்த் குழி தோண்டினாலும், கோடையில் காய்ந்த பாறை மண்ணில் மின்தடை ஏறிவிடும். ஒரு வீட்டு எர்த்தின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் கம்பி விளக்கின் பித்தளை உடலைத் தொட்டால் எர்த் வழியே ஓடுவது 2.3 ஆம்பியர்தான். ஐந்து ஆம்பியர் பியூஸ் அசையாது. விளக்கின் உடல் கரண்டோடு நின்றுகொண்டே இருக்கும்.

இன்றைய வீடுகளில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. மெயின் போர்டில், பியூஸின் இடத்துக்கு வந்த எம்சிபிக்குப் பக்கத்தில் ஆர்சிசிபி என்ற சாதனம். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது வேறெங்கோ கசிகிறது, ஓர் உடம்பின் வழியாகவும் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். எர்த்தின் தடை 100 ஓமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. 30 மில்லி ஆம்பியர் எந்த எர்த் வழியாகவும் ஓடிவிடும். அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் வீட்டு மின்சாரத்தில் நடந்த மிகப் பெரிய முன்னேற்றம் எது என்று கேட்டால், எல்இடியைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

எல்இடியும் நல்லதே செய்திருக்கிறது. அறுபது வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை ஒன்பது வாட்டில் தருகிறது. தினம் ஐந்து மணி நேரம் எரித்தால் முப்பது நாளில் குண்டு பல்புக்கு 9 யூனிட், எல்இடிக்கு 1.35 யூனிட். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் அந்த பல்பைச் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. குண்டு பல்பின் ஆயுள் ஏறத்தாழ 1,000 மணி என்றால் எல்இடிக்கு 25,000 மணி என்று எழுதித் தருகிறார்கள். சூடும் குறைவு, கூண்டு கருகாது, வயர் இறுகாது. அப்பாவின் விளக்குக்கு இதைவிடப் பொருத்தமான பல்பு அமைந்ததில்லை.

சிக்கல், பல்பையும் விளக்கையும் ஒன்றாக ஒட்டி விற்கத் தொடங்கியதில் வந்தது. சொந்த வீடு கட்டிக் குடிபோனபோது, வயரிங் செய்ய வந்த இளைஞர் பித்தளை விளக்கைப் பார்த்துவிட்டு, “இத எதுக்குங்க மேடம் வெச்சிருக்கீங்க, ஆன்லைன்ல புதுசே சல்லிசா கெடைக்குது” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த விளக்கின் ரெண்டு பின் பிளக்கைப் புதுச் சுவரில் மாட்ட எனக்கே மனம் வரவில்லை. மெலிந்த கறுப்புத் தண்டும் மேலே தட்டு மாதிரி எல்இடியுமாகப் புது ஸ்டாண்டு விளக்கு வாங்கினோம். அழகாகவே இருந்தது. வாரண்டி முடிந்த பிறகு மினுக்கத் தொடங்கி, ஒருநாள் நின்றுபோனது.

அதையும் வேட்டி விரித்துப் படுக்க வைத்தேன். அடிப்பாகத்தைக் கவிழ்த்தேன், திருகாணி இல்லை, பிளாஸ்டிக் மூடியைப் பசை போட்டு அமுக்கியிருந்தார்கள். தண்டின் இணைப்புகளில் மரை இல்லை, நசுக்கிப் பிடித்திருந்தார்கள். மேல் தட்டின் மூடியை உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. உள்ளே அலுமினியத் தகட்டில் வரிசையாக எல்இடிகள். மல்டிமீட்டரில் பார்த்தால் அத்தனையும் உயிரோடு இருந்தன. செத்தது டிரைவர். அதாவது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றித் தரும் சின்னச் சர்க்யூட். பொதுவாக அதில் முதலில் போவது ஒரு கெபாசிட்டர். சூட்டில் உள்ளிருக்கும் திரவம் காய்ந்துவிடும். சில ரூபாய்ப் பொருள். அந்தச் சர்க்யூட்டை முழுவதும் கறுப்புக் கோந்து ஊற்றி மூடியிருந்தார்கள். 25,000 மணி உழைக்க வேண்டிய எல்இடிகள், ஒரு கெபாசிட்டரை மாற்ற வழியில்லாததால் குப்பைக்குப் போயின. நான் வேலை பார்க்கும் ஆலையில், ஓர் உதிரி பாகத்தில் மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்புகிறோம். அத்தனை நுட்பமாகச் செய்யத் தெரிந்த காலம், திறக்கும்படி செய்ய மட்டும் ஏன் மறுக்கிறது என்று அன்று கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் பித்தளை விளக்கைப் பரணிலிருந்து இறக்கினேன். அப்பா இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்வார், நான் செய்வேன். “நட்டுல கை வெக்கிறதுக்கு முன்ன பிளக்க உருவிட்டியாம்மா?” என்று முதல் கேள்வி. பிறகு எல்லாம் பழைய வரிசைதான்: கூண்டு, ஹோல்டர், கவிழ்த்து நட்டு, எடை, குழாய்கள். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்த மரைகள் கையாலேயே கழன்றன. அன்று பூட்டும்போது அப்பா தடவிய கிரீஸ் இன்னும் இருந்தது.

ஹோல்டரின் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. கடையில் வாங்கிய புது ஹோல்டர் குழாயின்மேல் ஏறியது, ஆனால் ஆடியது. பல்பைத் திருகி மாட்டுகிற இடம் ஆடக்கூடாது. குழாயை எடுத்துக்கொண்டு சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்குப் போனேன். அங்கே இரண்டு சிஎன்சி மெஷின் ஓடிக்கொண்டிருக்க, மூலையில் ஒரு பழைய எச்எம்டி லேத். 1953-இல் பெங்களூரில் தொடங்கிய எச்எம்டியின் லேத்துகள் இந்தப் பகுதிப் பட்டறைகளில் இன்னும் உழைக்கின்றன. பட்டறைக்காரர் மரை கேஜை விரித்து ஒவ்வொரு தகடாகக் குழாயின் மரைமேல் வைத்துப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர்த் தகடு உட்கார்ந்த மாதிரி இருந்தது; வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது ஓரத்தில் கீற்றாக இடைவெளி தெரிந்தது. “இது எம்எம் மரை இல்லீங்க மேடம். இஞ்ச் மரை. இருபத்தாறு” என்றார்.

பிரிட்டிஷ்காரர்களின் பித்தளை மரை அது. குழாய் எந்த அளவாக இருந்தாலும் அங்குலத்துக்கு 26 மரை என்பது அவர்களின் விதி. ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.977 மில்லிமீட்டர். புது ஹோல்டரில் அது சரியாக 1 மில்லிமீட்டர். குழாயின் விட்டம் எட்டில் மூன்று அங்குலம், அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர். ஹோல்டரின் வாய் பத்து. ஏறியதற்கும் ஆடியதற்கும் காரணம் கிடைத்தது. அவர் ஒரு துண்டுப் பித்தளை ராடை லேத்தில் பிடித்தார். ஒரு முனையில் உள்ளே இருபத்தாறு மரை, மறுமுனையில் வெளியே மில்லிமீட்டர் மரை, நடுவே வயர் போகத் துளை. டீ ஆறுவதற்குள் கையில் சுடச்சுடக் கொடுத்தார். காசு வாங்க மறுத்து, வற்புறுத்திய பிறகே வாங்கினார். “இந்த மாதிரி வேல வந்து எவ்ளோ நாளாச்சுங்க” என்றார். ஆயிரக்கணக்கில் ஒரே புஷ்ஷைக் கடைகிற கைக்கு, ஒரே ஒரு துண்டைக் கடைவதில் அப்படி ஒரு நிறைவு.

இந்த முறை வயர் மூன்று இழை, 0.75 ஸ்கொயர் எம்எம். பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். குழாயின் வெட்டுவாய் வயரின் தோலைக் கிழிக்காதபடி அரம் போட்டு மழுக்கி, ஒவ்வொரு வாயிலும் ரப்பர் புஷ் வைத்தேன். அடியில் வயர் வெளியே வரும் இடத்தில் கேபிள் கிளாண்ட். எர்த் கம்பிக்கு வளைய லக்கு அழுத்தி, பித்தளையில் பழைய பாலிஷைப் பளிச்சென்று சுரண்டிவிட்டு, பல் வாஷரோடு இறுக்கினேன். பாலிஷ் மேலேயே வைத்து முடுக்கினால் எர்த் கொடுத்தும் கொடுக்காத மாதிரிதான். ஸ்விட்சுக்குப் பேஸ் மட்டும் போகிறது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமன்; செருகும்போது முதலில் தொடுவதும் உருவும்போது கடைசியில் விடுவதும் அதுதான். திருப்பிச் செருக வழியே இல்லை. அன்று 5 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்த இந்தப் பிளக்கில் இன்று 6 என்று இருக்கிறது.

ஆலையில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்க்காமல் எதையும் லைனில் கொடுப்பதில்லை. வீட்டிலும் அப்படியே: 500 வோல்ட் மெகரை வைத்து வயருக்கும் பித்தளை உடலுக்கும் இடையில் அளந்தேன். ஒரு மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. அதைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது. அப்பாவுக்கு அது போதவில்லை. சீரிஸ் போர்டு வேண்டும் என்றார். எல்இடியை சீரிஸில் போட்டால் சரியாகச் சொல்லாது என்பதால் அறுபது வாட் குண்டு பல்பைத் தேடி வாங்கி வந்து மாட்டினோம். அன்று தெரிந்த அதே பங்கீடு. பிறகு ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒன்பது வாட் எல்இடியை மாட்டி நேரடி பாயிண்டில் கொடுத்தேன். இப்போது என் மகள் அதன் கீழே படிக்கிறாள். அன்று எங்களுக்குப் போட்ட சட்டம் அவளுக்குத் தேவைப்படவில்லை என்றாலும், பல்பு மாற்றுமுன் பிளக்கை உருவ வேண்டும் என்பதை அவளுக்கும் சொல்லியிருக்கிறேன்.

அன்றைய விளக்கைத் திறக்க முடிந்தது, தொடப் பயமாக இருந்தது. இன்றைய விளக்கைத் தொடப் பயமில்லை, திறக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே பொருளில் வைக்க முடியும் என்பதற்கு எங்கள் கூடத்தில் நிற்பதே சாட்சி. ஆகாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. பசைக்குப் பதில் நாலு திருகாணி, கழற்றி மாட்டும் பல்பு அல்லது டிரைவர், மாற்றக்கூடிய வயர், இவ்வளவுதான்.

இதைக் கேட்க இப்போது வழியும் பிறந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வாகனங்களோடு வீட்டு உபயோகப் பொருட்களையும் அதன் கவனத்தில் வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறந்தார்கள். எந்தப் பாகம் எங்கே கிடைக்கும், எப்படிப் பிரிப்பது என்பதை வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது செய்கிறவரின் கடமை என்ற எண்ணம் சட்டத்தின் பக்கம் நகரத் தொடங்கியிருக்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய மின்கழிவு விதிகள், கெட்டுப்போன பொருளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளரிடம் வைத்திருக்கின்றன. ஆனால் மறுசுழற்சிக்குப் போவதற்கு முன் பழுதுபார்ப்பு என்று ஒரு படி இருக்கிறது. அந்தப் படியை நாம் தாண்டிக் குதிக்கக்கூடாது.

2019-இல் மாநகராட்சியான ஓசூருக்கு இதில் மற்ற ஊர்களைவிடக் கூடுதல் பொறுப்பும் வாய்ப்பும் உண்டு. இங்கே ஐடிஐ படித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்; அசெம்பிளி லைனில் ஒரே திருகாணியை நாள் முழுக்க முடுக்குகிற அந்தக் கைகளுக்குப் பிரிக்கவும் கற்றுக்கொடுத்தால், ஒவ்வொரு வார்டிலும் ஒரு ரிப்பேர் கடை மறுபடி உயிர்பெறும். இங்கே லேத்துகள் இருக்கின்றன, மரை தெரிந்த மேஸ்திரிகள் இருக்கிறார்கள். பொருளை வடிவமைக்கும் இன்ஜினியர்களும் இந்த ஊரில்தான் குடியிருக்கிறார்கள்.

அதனால் அடுத்த முறை விளக்கு வாங்கப் போகும்போது, வெளிச்சத்தைப் பார்த்த பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் திருகாணி இருக்கிறதா? பல்பு தனியாகக் கழல்கிறதா? உலோக உடலென்றால் மூன்று பின் இருக்கிறதா? கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் எழுதிக் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் செய்பவர்கள் மாறித்தான் ஆக வேண்டும். செய்பவர்களில் ஒருத்தியாக, என் ஆலையின் கூட்டங்களில் நானும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.